வாழைமரத்தைப் பார்த்த மாப்பிள்ளை

பூபதியைப் பற்றிச் சொல்வதென்றால் அவனுடைய பயத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே மணல்மேட்டில் இருக்கும் குப்பத்தில் பிறந்தவன். அந்தக் குப்பத்தில் அவனுக்குப் பெயர் பயந்த பூபதி. தோணியிலிருந்து யாராவது கயிறு வீசினால் பிடிக்கமாட்டான். கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, "வீசாதீங்க, கையில குடுங்க" என்பான். கிளாஸில் டீ ஊற்றினால் விளிம்பில் ஒரு விரலை வைத்துக்கொண்டே இருப்பான். இடது பக்கமாக வந்து யாராவது தோளைத் தொட்டால் தூக்கிவாரிப் போடும். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் அலை கொஞ்சம் புரண்டாலும் தோணியைத் திருப்பச் சொல்வான். மற்றவர்கள் வாய்விட்டுச் சிரிப்பார்கள்.

நானும் சிரித்தவன்தான். என் பெயர் அப்துல் ஷுக்கூர். பழவேற்காடு ஊருக்குள், பழைய மரைக்காயர் தெருவில் எங்கள் வீடு. சென்னையில் ஒரு கல்லூரியில் இயற்பியல் வாத்தியாராக இருந்தேன். முப்பத்திரண்டு வயதாகியும் டாக்டர் பட்டம் வாங்கவில்லையா என்று என்னுடன் படித்தவர்களெல்லாம் விசாரிக்கும்போது எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அந்தக் கோபத்தில்தான் எல்லாம் நடந்தது.

என் ஆராய்ச்சி காக்காப்பொன்னைப் பற்றியது. மைக்கா என்று கடையில் சொல்வார்கள். எங்களுக்கு வடக்கே கூடூர்ப் பக்கம் வெட்டி எடுக்கிறார்கள். தலைமுடியைவிட மெல்லிசாக உரித்த ஒரு காக்காப்பொன் சீவலுக்குள் சூடு எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதுதான் கேள்வி. அவ்வளவு சின்னதில் தெர்மாமீட்டரை எங்கே வைப்பது? அதனால் ஒளியை வைத்து அளப்போம். ஒரு பக்கம் விளக்குக் கரி பூசிய சீவலை விரல் நகமளவு குழியுள்ள மூடிய டப்பாவுக்குள் வைத்து, கண்ணாடிச் சன்னல் வழியாக லேசர் ஒளியை அதன்மேல் விடுவோம். நடுவில் ஓர் ஓட்டைச் சக்கரம் சுற்றி ஒளியை விட்டுவிட்டு அனுப்பும். ஒவ்வொரு முறை ஒளி பட்டதும் கரி துளி சூடாகும், அந்தச் சூடு சீவலைக் கடந்து மறுபக்கத்துக் காற்றைத் தொடும், காற்று விரிந்து சுருங்கும். காற்று விரிந்து சுருங்கினால் அது சத்தம். டப்பாவுக்குள் இருக்கும் மைக் அதைக் கேட்கும். சத்தம் எவ்வளவு தாமதமாக வருகிறது என்று பார்த்தால் சூடு நடந்த வேகம் தெரிந்துவிடும்.

எங்கள் கல்லூரிக்குப் பின்னால் ரயில் பாதை. ஒவ்வொரு ரயிலுக்கும் மீட்டர் முள் குதித்துக் குதித்து என் கணக்கைக் கெடுத்தது. சத்தமில்லாத இடத்தைத் தேடிக்கொள், இல்லையென்றால் இந்தத் தலைப்பை விட்டுவிடு என்றார் என் பேராசிரியர். 1982 தை மாதம் லீவு போட்டுவிட்டு, அவர் கையைக் காலைப் பிடித்து லேசரையும் மற்ற சாமான்களையும் லாரியில் ஏற்றிப் பொன்னேரி வழியாக வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எங்கள் வீட்டின் பின்கட்டில் ஒரு பழைய கிடங்கு. இரண்டு முழச் சுவர், ஒரே கதவு, சன்னல் கிடையாது. மதியத் தொழுகை முடிந்தால் ஊரே படுத்துவிடும். அந்த அமைதிதான் எனக்கு வேண்டியிருந்தது.

அன்றைக்கு எங்கள் உம்மாவுக்கு மீன் கொடுக்க வந்திருந்த பூபதிதான் பெட்டியை இறக்கக் கை கொடுத்தான். "உள்ள உசுருள்ளது ஏதாச்சும் கீதா பாய்?" என்று கேட்டுவிட்டுத்தான் தொட்டான். ஆனால் ஒரு மூலைகூட இடிக்காமல் இறக்கி வைத்தான். பயப்படுகிறவன் சாமானை உடைக்கமாட்டான் என்று கணக்குப் போட்டு, மதிய வேளைகளில் எனக்கு உதவிக்கு வரச் சொன்னேன்.

அவன் கை பொன்னான கை. மீன் அறுக்கும் கத்தியின் நுனியைக் காக்காப்பொன்னின் ஓரத்தில் வைத்து ஊதினாற்போல் உரிப்பான். நான் ஒரு வாரத்தில் எடுத்த சீவல்களை அவன் ஒரு மதியத்தில் எடுத்தான், கண்ணால் அதிகம் பார்க்காமல், விரலால் தடவித் தடவி. ஹெட்போனை மாட்டிவிட்டு அந்தச் சத்தத்தைக் கேட்க வைத்தபோது அவன் முகம் வெளிறிவிட்டது.

"இது சூடு போடற சத்தமா பாய்? அப்டின்னா அதுக்கு நோவுதா?"

நான் சிரித்தேன். இரண்டு மாதம் போனபின் ஒளியை டப்பாவுக்கு நேராகத் திருப்பி வைக்கும் வேலையையும் அவனுக்கே கற்றுக்கொடுத்துவிட்டேன். சோம்பல்தான் காரணம். கண்ணுக்குப் போடும் காப்புக் கண்ணாடி ஒன்றே ஒன்று இருந்தது, அதை நான் போட்டுக்கொண்டேன். அவனிடம் சொன்னது ஒரே வரி. "நேரா பாக்காதே பூபதி, கண்ணு கூசும்."

கண்ணு கூசும். ஏரியில் வளர்ந்தவனிடம் போய் அதைச் சொன்னேன். மடவை மீன் கூட்டம் வருவதை அவர்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று சின்ன வயதிலிருந்து பார்த்தவன் நான். தோணியின் ஓரத்தில் கன்னத்தை வைத்து, கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்கு இறக்கி, வெயில் பளபளக்கும் பக்கமே பார்ப்பார்கள். கூசும்தான். கூச்சத்தில் இமைத்தால் மீன் போய்விடும், அதனால் இமைக்காமல் பழகியிருப்பார்கள். மற்றவர்கள் ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு பார்ப்பார்கள். பூபதி மட்டும் இரண்டையும் திறந்தே வைத்திருப்பான். அதையும் கவனித்திருந்தேன், ஆனால் ஏன் என்று கேட்கவில்லை.

அவனுக்கு அந்த வருடம் வைகாசி பத்தாம் தேதி கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் கோவிந்தம்மா, தாமோதரனின் மகள். தாமோதரன் அந்தக் குப்பத்தின் பாடு முறையைப் பார்த்துக்கொள்கிறவர். ஏரியில் யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் வலை கட்டிவிட முடியாது. நல்ல மீன் விழும் இடங்களை முறை வைத்து ஆளுக்கு ஒரு நாள் என்று பிரித்துக்கொள்வார்கள். அந்த முறைக்குப் பெயர் பாடு. கல்யாணமானவனுக்குத்தான் பாடு. அவனும் தன் தோணியைத் தானே ஓட்டத் தெரிந்தவனாக, உடம்பில் குறையில்லாதவனாக இருக்க வேண்டும் என்பது குப்பத்தில் எழுதாத விதி, ஏனென்றால் ஒருவன் தடுமாறினால் பக்கத்துத் தோணியும் கவிழும். இருபத்தெட்டு வயது வரை அடுத்தவர் தோணியில் கூலிக்குப் போன பூபதிக்கு அந்தக் கல்யாணம் நடந்தால்தான் சொந்தமாக ஏரியில் ஓர் இடம். நடக்காவிட்டால் ஆயுசுக்கும் அடுத்தவர் தோணிதான்.

சித்திரைக் கடைசி வெள்ளிக்கிழமை. நான் ஜும்ஆ தொழுகைக்குப் போனேன். லேசரை அணைத்துப் போட்டால் நிலைப்பதற்கு ஒரு மணி நேரம் ஆகும் என்று எரியவிட்டே போனேன். பூபதி உள்ளே சீவல் உரித்துக்கொண்டிருந்தான்.

திரும்பி வந்தபோது கிடங்குக் கதவு திறந்திருந்தது. பூபதி தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தான். சட்டையெல்லாம் நனைந்திருந்தது. நான் வாசலில் நின்றதும் தலையை என் பக்கம் திருப்பினான்.

"பாய், உங்க மொகத்துல நடுவுல இன்னாவோ ஒட்டிகினு கீது."

கன்னத்தைத் தடவிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

"பச்சையா. காசு மாதிரி. நீங்க எங்க நவுந்தாலும் கூடவே வருது."

மேசையைப் பார்த்தேன். சக்கரம் நின்றிருந்தது. ஒளி டப்பாவின் நடுவை விட்டு விலகி, கண்ணாடிச் சன்னலின் ஓரத்தில் பட்டும் படாமலும் போய்ச் சுவரில் சிவப்பாக விழுந்திருந்தது. ஓடிப்போய் அணைத்தேன். அவசரத்தில் முதலில் வேறு சுவிட்சைத் தட்டினேன்.

நடந்ததை அவன் மெதுவாகச் சொன்னான். மேசையில் கை இடித்துவிட்டது. ஹெட்போனில் சத்தம் நின்றுபோனது. ஒளி எங்கே போச்சு என்று தேடினான். காற்றில் அது கண்ணுக்குத் தெரியாதே, எதன்மேலாவது பட்டால்தானே தெரியும். அதனால் ஏரியில் மடவையைத் தேடுவது மாதிரி மேசைமேல் கன்னத்தை வைத்து, கண்ணை மட்டத்துக்கு இறக்கிப் பார்த்தான்.

"எவ்ளோ நேரம் பாத்தே?"

"மூச்சு ஒண்ணு இஸ்து வுடற நேரம். செவப்பா வந்துச்சி. நான் இமைக்கல."

எந்தக் கண் என்று கேட்டேன். வலது கண் என்றான். வலது கண்ணை உள்ளங்கையால் மூடச் சொன்னேன். இடது கண்ணால் பார்த்துச் சுவரில் என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

"காலண்டரு."

"இது எத்தினி வெரலு?"

நான் மூன்று விரலை அவன் முகத்துக்கு நேரே வைத்திருந்தேன். பிறகு ஐந்து விரலையும் ஆட்டினேன். அந்தக் கண் அசையவே இல்லை. என் தலைக்கு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது.

"பூபதி, எத்தினி வெரலு?"

"அந்தக் கண்ணு தெரியாது பாய்" என்றான். "ஏழு வயசுல துடுப்புக் கட்ட பட்டுப் பூட்ச்சி. வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது. எங்க அம்மாவுக்கு மட்டும் தெரியும். யாருக்கும் சொல்லாதடானு சொல்லிட்டு செத்துப் பூட்டா."

மேசையைப் பிடித்துக்கொண்டேன். கயிறு, டீ கிளாஸ், முகத்துவாரம், இடது பக்கம் தொட்டால் வரும் தூக்கிவாரல், ஒவ்வொன்றாக மனதுக்குள் வந்து நின்றன. ஒற்றைக் கண்ணால் தூரம் தெரியாது. பறந்து வரும் கயிறு எங்கே இருக்கிறது என்று தெரியாது. இருபத்தோரு வருடமாக அந்தக் குப்பத்தின் நடுவிலேயே இதை மறைத்து வாழ்ந்திருக்கிறான். இருந்த ஒரே கண்ணை நான் கொண்டுவந்த ஒளியில் வைத்துவிட்டான்.

மெட்ராஸுக்குக் கண்ணாஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். அவன் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டான். அங்கே எப்போதும் நம் பக்கத்து ஆட்கள் புரை எடுக்க வந்து கிடப்பார்கள், ஒருத்தர் பார்த்தால் போதும் என்றான். டாக்டர் முதலில் இடது கண்ணைத்தான் பார்ப்பார் என்றான்.

"பன்னெண்டு நாளு கீது பாய். இத மட்டும் யாருக்கும் சொல்லாதீங்க. தாமோதரன் மாமா காதுக்குப் போச்சினா பொண்ணும் இல்ல, பாடும் இல்ல."

சரி என்றேன். அவனுக்காகத்தான் சரி சொன்னதாக அப்போது நினைத்துக்கொண்டேன்.

பொய் சொல்ல வேண்டாம், அன்று எனக்கு அவனைவிடப் பயம் அதிகம். கல்லூரிச் சாமானைத் தனி வீட்டில் வைத்து, படிப்பில்லாதவனிடம் கொடுத்து, கண்ணாடிகூடப் போடாமல் விட்டது யார் என்று கேட்டால் என்ன சொல்வேன்? வேலை போகும். போலீஸ் வரலாம். குப்பத்து ஆட்கள் எங்கள் வாசலுக்கு வந்து நிற்கலாம். உம்மா சோறு போட்டு வைத்துக் கூப்பிட்டார்கள். தலைவலி என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

என் புத்தி அப்போதும் கணக்குப் போட்டது. சூடு மெல்லிய பொருளுக்குள் எப்படிப் போகிறது என்பதுதானே என் தொழில்? கண்ணின் பின்பக்கத்தில் ஒளி விழும் கறுப்புத் தோலும் ஒரு சீவல்தான். அதில் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? மறுநாள் காலையில் ஒரு மடவை கொண்டுவரச் சொன்னேன். கூடையில் ஒரு கை, கதவில் ஒரு கை என்று தடவிக்கொண்டே வந்தான்.

அவனே மீனின் கண்ணை எடுத்து, பின்பக்கத்துக் கறுப்புத் தோலை விரலால் பிரித்துக் கண்ணாடித் துண்டின்மேல் விரித்துக் கொடுத்தான். பார்த்துச் செய்ததைவிடத் தொட்டுச் செய்ததுதான் அதிகம். முதலில் அதை டப்பாவுக்குள் வைத்துச் சத்தத்தை அளந்தேன். கணக்கு வந்தது. ஒரு நொடியில் சூடு அந்தத் தோலில் அரை மில்லிமீட்டர்கூடப் போகாது.

பிறகு இன்னொரு துண்டை வெளியே வைத்தேன். லேசர் ஒளி நேராக வந்தால் என்ன ஆகும், டப்பாவின் கண்ணாடிச் சன்னலில் பட்டுத் திரும்பி வந்தால் என்ன ஆகும் என்று இரண்டையும் பார்க்க வேண்டியிருந்தது. திரும்பி வரும் ஒளி நூற்றில் நாலு பங்குதான். மீனின் கண்ணிலிருந்தே எடுத்த சின்ன மணியை முன்னால் வைத்து ஒளியைக் குவித்தேன். முதலில் திரும்பி வரும் ஒளி. ஒரு மூச்சு நேரம் வைத்துவிட்டுப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. அடுத்து நேர் ஒளி. அதே ஒரு மூச்சு. கறுப்புத் தோலில் குண்டூசி முனையளவு வெள்ளையாக ஒரு புள்ளி விழுந்திருந்தது. வெந்த மீன் வெளுக்குமே, அந்த வெள்ளை.

"இன்னா பாய் தெரியுது?" என்று பூபதி கேட்டான். அவன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது மாதிரி இருந்தது.

இரண்டையும் சொன்னேன். திரும்பி வந்த ஒளியாக இருந்தால் நாலு நாளில் சரியாகிவிடும் என்றும், நேர் ஒளியாக இருந்தால் வெந்திருக்கும் என்றும். எது என்பது அவன் எங்கே நின்று பார்த்தான் என்பதைப் பொறுத்தது. மேசையின் கிழக்கு முனையில் லேசர்க் குழாய், மேற்கு முனையில் டப்பா. குழாய்ப் பக்கம் நின்று டப்பாவைப் பார்த்திருந்தால் திரும்பி வந்த ஒளி. டப்பாப் பக்கம் நின்று குழாயைப் பார்த்திருந்தால் நேர் ஒளி.

இங்கேதான் நான் செய்ததை எழுத வேண்டும். எங்கே நின்றாய் என்று நான் கேட்டிருக்க வேண்டும். அப்படிக் கேட்கவில்லை.

"நீ கொழாய்ப் பக்கந்தான நின்னுகினு இருந்தே பூபதி?" என்று கேட்டேன்.

அவன் கொஞ்சநேரம் என் குரல் வந்த பக்கம் தலையை வைத்துக்கொண்டிருந்தான். பிறகு "ஆமா பாய்" என்றான்.

நான் பெருமூச்சு விட்டேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்றேன். ஒன்றும் ஆகாது, அப்படியே ஆகியிருந்தாலும் பட்ட இடத்தோடு நின்றுவிடும், சூடு அரை மில்லிமீட்டருக்கு மேல் பரவாது என்று மூச்சுவிடாமல் பேசினேன். நான் சொல்லாமல் விட்டது இன்னொன்று. கண்ணின் நடுவில், நேராகப் பார்ப்பதைப் பார்க்கும் இடமே அந்த அரை மில்லிமீட்டர்தான். அதுவும் எனக்குத் தெரியும்.

அவனுடைய தோள்துண்டு டப்பாப் பக்கத்துத் தரையில் கிடந்ததை வெள்ளிக்கிழமையே பார்த்திருந்தேன். எடுத்து மடித்துக் கொடியில் போட்டவன் நான்தான்.

அந்தப் பன்னிரண்டு நாளும் ஒவ்வொரு மதியமும் அவன் வந்து காலண்டருக்கு எதிரே நிற்பான். எப்படி இருக்கிறது என்பேன். நல்லா இருக்குது பாய், கொறஞ்சிட்டுது பாய் என்பான். காலண்டர் தேதியைப் படித்தும் காட்டினான். அந்தத் தேதி யாருக்குத்தான் தெரியாது, கல்யாணத்துக்கு எத்தனை நாள் என்று குப்பமே எண்ணிக்கொண்டிருந்தது. தேதியைத் தவிர வேறு எதையும் நான் படிக்கச் சொல்லவில்லை.

வைகாசி பத்தாம் தேதி காலையில் தோணி ஏறி அக்கரைக்குப் போனேன். பந்தல் வாசலில் இரண்டு வாழைமரம். உள்ளே போய் உட்கார்ந்ததிலிருந்து அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாராவது பூவை வீசினால்? யாராவது அவன் இடது பக்கம் கை நீட்டி எதையாவது கொடுத்தால்? தாமோதரன் தன் கையாலேயே மாலையை எடுத்துக் கொடுத்தார். பூபதி அதை வாங்காமல் ஒரு நொடி நின்றான். பிறகு விரலால் காற்றைத் தொட்டு மாலையைப் பிடித்தான்.

தாலி கட்டியது அவன் விரலுக்குத் தெரிந்த வேலைதான். காக்காப்பொன் உரித்த அதே விரல்கள் மூன்று முடிச்சையும் தடவித் தடவிப் போட்டன. அதன் பிறகு பெண்ணைக் கொஞ்சம் தள்ளி எதிரே நிற்க வைத்து, மாப்பிள்ளை நல்லாப் பார்த்துக்கட்டும் என்று பெண்கள் கேலி செய்தார்கள். பூபதி முதலில் கோவிந்தம்மாவை நேராகப் பார்த்தான். அவன் முகத்தில் ஒன்றும் இல்லை, யாரும் இல்லாத இடத்தைப் பார்க்கிற முகம். பிறகு பார்வையை மெல்ல நகர்த்தினான். அவள் தோளைத் தாண்டி, பந்தல் வாசலில் கட்டிய வாழைமரத்தின்மேல் கொண்டுபோய் நிறுத்தினான். அப்போதுதான் அவன் உதட்டில் சிரிப்பு வந்தது.

"பொண்ணப் பார்றான்னா வாழமரத்தப் பாக்கறான் பாரு" என்று ஒரு கிழவி சொல்ல, பந்தலே சிரித்தது. பயந்த பூபதிக்குப் பெண்டாட்டியைப் பார்க்கவும் பயம் என்றார்கள்.

நான் சிரிக்கவில்லை. நடுவில் புள்ளி விழுந்த கண்ணுக்கு நேராகப் பார்ப்பது தெரியாது. பார்க்க வேண்டியதைக் கொஞ்சம் ஓரத்தில் விட்டு, பக்கத்தில் இருப்பதைப் பார்த்தால்தான் அது தெரியும். அவன் டப்பாப் பக்கந்தான் நின்றிருக்கிறான். நான் எந்தப் பதிலுக்காகக் காத்திருந்தேனோ அதை என் குரலிலேயே கண்டுபிடித்து, எனக்கும் பயமில்லாமல் தனக்கும் கல்யாணம் நிற்காமல் "ஆமா பாய்" என்று சொல்லியிருக்கிறான். இலையில் சோறு போட்டார்கள். ஒரு வாய் எடுத்துவிட்டு எழுந்தேன். கை கழுவிவிட்டு முதல் தோணியில் திரும்பினேன்.

அந்த மாதமே சாமான்களை மெட்ராஸுக்கு அனுப்பிவிட்டேன். வேலை முடிந்தது என்று உம்மாவிடம் சொன்னேன். உண்மையில் ஓடிவிட்டேன். எண்பத்து மூன்றில் பட்டம் வந்தது. காக்காப்பொன் அளவுகள் மிகச் சுத்தமாக இருக்கின்றன என்று பாராட்டினார்கள். நன்றி சொல்லும் பக்கத்தில் பேராசிரியர் பெயர் இருந்தது, கல்லூரி முதல்வர் பெயர் இருந்தது, டைப் அடித்தவர் பெயர்கூட இருந்தது. பூபதி பெயர் இல்லை. எழுதினால் யாராவது எங்கே இருக்கிறான், என்ன செய்கிறான் என்று கேட்பார்களோ என்று பயம். பிறகு ஒருமுறை கண் டாக்டர் ஒருவரிடம், நண்பன் ஒருவனுக்கு என்று சொல்லி விசாரித்தேன். அன்றைக்கே வந்திருந்தாலும் செய்வதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை என்றார். அது ஆறுதலாக இருந்தது என்று சொன்னால் பொய்.

பூபதிக்குப் பாடு கிடைத்தது. உம்மா கடிதத்தில் எழுதச் சொல்வார்கள், பூபதி நல்ல இறால் கொடுத்தான், பூபதிக்குப் பெண் பிறந்திருக்கிறது என்று. முகத்துவாரத்துக்கு முறை வரும் நாளில் அவன் கோவிந்தம்மாவையும் தோணியில் முன்னால் உட்காரவைத்துக்கொண்டு போவதாகவும், பெண்டாட்டியைத் துணைக்குக் கூட்டிப்போகும் ஆம்பளை என்று ஊரே சிரிப்பதாகவும் ஒரு கடிதத்தில் இருந்தது. அந்தக் கடிதத்தைப் படித்த பிறகு இரண்டு நாள் எனக்குத் தூக்கம் இல்லை. அலையில் புரண்ட தோணியைப் பற்றி அடுத்த கடிதத்தில் செய்தி வருமோ என்றே இருந்தேன்.

எண்பத்தெட்டில் உம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று வந்தேன். ஆறு வருடமாகப் போகாத அக்கரைக்கு, உம்மா கேட்ட மடவைக்காக ஒரு காலையில் போக வேண்டிவந்தது. கரையில் கோவிந்தம்மா இறால் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். பத்தடி தள்ளித் தோணியின் முனையில் பூபதி வலையில் சிக்கிய நண்டை எடுத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்க்கவில்லை.

"வாங்க பாய், நல்லாகீறீங்களா?" என்றாள். மீனைக் கூடையில் போட்டுக் கொடுத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "உங்களாண்ட ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நெனைச்சிகினு இருந்தேன். அவரு கண்ணப் பத்தி."

கூடையைக் கீழே வைத்தேன்.

"கல்யாணத்தன்னிக்கே எனக்குத் தெரியும் பாய். என்னப் பாக்கறதுக்கு வாழமரத்தப் பாத்தாரே, அப்பவே. எங்க நைனாவாண்ட சொல்லல. சொன்னா பாடு பூடும்னு பயம். இன்னிக்கி வரைக்கும் யாருக்கும் தெரியாது. ஓரத்துல பாத்தார்னா என்னத்தான் பாக்கறாருனு நான் கண்டுபுடிச்சிக்குவேன்." கொஞ்சம் சிரித்தாள். "கோவம் வந்தா மட்டும் என்னைய நேரா பாப்பாரு. அப்டிப் பாத்தா நான் அவரு கண்ணுக்கு இல்லைனு அர்த்தம். கோவத்துக்கு அது ஒண்ணுதான். கை நீட்டமாட்டாரு."

நான் தலையை ஆட்டினேன்.

"சின்ன வயசுல ஒரு கண்ணு துடுப்பு பட்டுப் போச்சினு சொல்ட்டாரு. இன்னொண்ணு எப்டிப் போச்சினு கேட்டா வெயிலுனு சொல்றாரு. ஏரி வெயிலுல எத்தினி பேரு பாக்கறாங்க, யாருக்கும் இப்டி ஆவலியே. கல்யாணத்துக்கு முன்ன நாலு மாசம் உங்க வூட்டுலதான் வேலைல இருந்தாரு. நீங்க படிச்சவங்க. நீங்களாச்சும் சொல்லுங்க பாய், எதுனால போச்சி?"

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். ஆறு வருடத்துக்குப் பிறகு வேலை போகாது, போலீஸ் வராது. பயப்பட ஒன்றும் இல்லை. ஆனாலும் பயமாக இருந்தது. எதற்கு என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

"வெயிலுதான்மா" என்றேன். "ஏரி வெயிலு."

தோணியில் நண்டு எடுத்துக்கொண்டிருந்த கை நின்றது. பூபதி தலையைத் தூக்கினான். என் பக்கத்தில் கோவிந்தம்மா இருந்தாள், பின்னால் மணலில் கவிழ்த்துப் போட்ட தோணி இருந்தது. இரண்டையும் அவன் பார்க்கவில்லை. நேராக, இமைக்காமல், என்னையே பார்த்தான்.